நோயாளியைப் பார்க்கப் போனவர்கள்

கொரோனா காலத்தைப் பற்றிய பேச்சில் தென் கொரியாவின் பெயர் வந்துவிட்டால், பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் அடுத்து வரும்: “அவர்கள் சொன்னதைக் கேட்கிற ஜனங்கள், நம்மிடம் அது நடக்குமா?” ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், கொரியக் கார் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் கொரியர்களோடு வேலை பார்த்தவன் என்பதால், நண்பர்களும் உறவினர்களும் இதை என்னிடம் கேள்வியாகக் கேட்பதில்லை. முடிந்த முடிவாகச் சொல்லிவிட்டு, ஆமோதிப்பை எதிர்பார்த்து முகத்தைப் பார்ப்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் மருத்துவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகளும் உண்டு. ஆமோதிக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. அந்தத் தயக்கத்தின் காரணத்தை நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இந்த விளக்கம் நம் ஊரில் மட்டும் சொல்லப்படுவதும் அன்று. 2020இன் தொடக்க மாதங்களில் ஐரோப்பிய, அமெரிக்க இதழ்களிலும் இதுவே வேறு நடையில் எழுதப்பட்டது. பண்டைய சீன அறிஞர் கன்பூசியஸின் வழிவந்த மரபு, மூத்தோருக்குப் பணிதல், தனிமனிதரைவிடக் குழுவைப் பெரிதாக எண்ணுதல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தத்தான் செய்கிறது. நாடு முழுவதையும் அடைக்கும் ஊரடங்கு அங்கே போடப்படவில்லை. 2020 ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்றத் தேர்தலையே நடத்தினார்கள். கையுறை போட்டுக்கொண்டு வந்து 66.2 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில், அந்த ஆண்டின் இறுதிவரை கொரோனாவால் இறந்தவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. இதைப் பார்க்கிறவர்கள் ‘பணிவான மக்கள்’ என்று எண்ணுவதில் வியப்பில்லை.

ஆனால் இதே மக்கள்தான் 2016–17 குளிர்காலத்தில், சனிக்கிழமைதோறும் லட்சக்கணக்கில் மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்து நின்று, பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் பார்க் கென் ஹேவை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று, பெருந்தொற்றின் நடுவே, நகர நிர்வாகம் தடை விதித்திருந்தும் சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் அரசுக்கு எதிரான பேரணி நடந்தது. அதே மாதத்தில் பயிற்சி மருத்துவர்கள், மருத்துவக் கல்லூரி இடங்களை அதிகரிக்கும் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். என்னோடு வேலை பார்த்த கொரியர்கள் கூட்டத்தில் மேலதிகாரியின் முன் தலை தாழ்த்திப் பேசுவார்கள் என்பது உண்மை. இரவு உணவின்போது அதே மேலதிகாரியின் முடிவையும் தங்கள் அரசின் முடிவுகளையும் அவர்கள் அலசுவதைக் கேட்டிருக்கிறேன். பணிவு என்ற ஒரு சொல்லுக்குள் அவர்களை அடக்கிவிட முடியாது. இருந்தாலும், ‘இவையெல்லாம் விதிவிலக்குகள்’ என்று யாராவது சொன்னால், இந்த எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்து அவரை மறுக்க முடியாது. மறுக்க வைப்பது 2015ஆம் ஆண்டு.

2015, மே மாதம்

மெர்ஸ் என்ற நோய் மேற்காசியாவில் ஒட்டகங்களிடமிருந்து மனிதர்களுக்கு வந்தது. கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த நுண்மிதான். பரவும் வேகம் குறைவு, கொல்லும் வேகம் மிக அதிகம். 2015 மே 4 அன்று, பஹ்ரைன் உள்ளிட்ட வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நிமித்தமாகப் போய்வந்த 68 வயதுக்காரர் ஒருவர் கொரியா திரும்பினார். ஒரு வாரத்தில் காய்ச்சல் கண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சில மருத்துவமனைகளுக்குப் போனார். மெர்ஸாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் வந்தபோதும், பஹ்ரைனில் அந்த நோய் இல்லையே என்ற காரணத்தால் பரிசோதனைக்குத் தயக்கம் காட்டப்பட்டது. மே 20 அன்று நோய் உறுதியானது. அதற்குள் அவர் அனுமதிக்கப்பட்டிருந்த பியோங்டேக் நகர மருத்துவமனையின் வார்டில் நோய் பரவிவிட்டிருந்தது.

அதன் பின் நடந்தவற்றைப் படிக்கும்போது, ஐந்தாண்டு கழித்து உலகம் மெச்சிய நாடு இதுதானா என்று தோன்றும். நோயாளியிடமிருந்து இரண்டு மீட்டர் தூரத்துக்குள் ஒரு மணி நேரமாவது இருந்தவர்தான் ‘நெருங்கிய தொடர்பு’ என்று அதிகாரிகள் வரையறுத்தார்கள். அதனால் அதே வார்டின் வேறு அறைகளில் இருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. நோய் பரவிய மருத்துவமனைகளின் பெயர்களை அரசு வெளியிட மறுத்தது. பீதி பரவும், மருத்துவமனைகளுக்கு நட்டம் வரும் என்பது வாதம். பெயர் தெரியாததால் மற்ற மருத்துவமனைகளுக்கும் தங்களிடம் வருபவர் எங்கிருந்து வருகிறார் என்பதன் பொருள் தெரியவில்லை. ஜூன் 4 இரவு சியோல் மேயர் தாமாகவே செய்தியாளர்களைக் கூட்டிப் பேசினார். ஜூன் 7 அன்றுதான் மத்திய அரசு பெயர்களை வெளியிட்டது. அடங்குவதற்குள் 186 பேருக்கு நோய். 38 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 16,700 பேர் தனிமைப்படுத்தப்பட்டார்கள். மேற்காசியாவுக்கு வெளியே மெர்ஸ் அவ்வளவு பெரிதாகப் பரவியது அங்கேதான்.

அந்தக் கொள்ளைநோயைப் பற்றி மருத்துவர்கள் பின்னர் வெளியிட்ட விவரங்களில், ஒரு கணக்கைக் கண்ட இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பியோங்டேக்கில் அந்த வார்டின் வேறோர் அறையில் இருந்த இளைஞர் ஒருவர், 14ஆம் நோயாளி என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டவர், காய்ச்சல் குறையாமல் மே 27 அன்று பேருந்து ஏறி சியோலுக்கு வந்தார். சாம்சங் மருத்துவ மையத்தின் அவசர சிகிச்சைப் பிரிவில் மே 29 வரை இருந்தார். அவர் எந்த வார்டிலிருந்து வந்தவர் என்பதன் ஆபத்து அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. அந்த அவசரப் பிரிவில் அவர் ஒருவரிடமிருந்து மட்டும் 82 பேருக்கு நோய் தொற்றியது. அவர்களில் நோயாளிகள் 33 பேர். மருத்துவமனை ஊழியர்கள் 8 பேர். மீதி 41 பேர், நோயாளிகளைப் பார்க்கவும் பார்த்துக்கொள்ளவும் வந்தவர்கள்.

சரிபாதிப் பேர். மகன்கள், மனைவியர், மருமகள்கள், உடன்பிறந்தோர். கொரிய மருத்துவமனையில் படுக்கையின் கீழே இழுத்துப் போடுவதற்குத் தாழ்வான, குறுகலான கட்டில் ஒன்று இருக்கும். குடும்பத்தில் ஒருவர் அதில்தான் இரவைக் கழிப்பார். நோயாளிக்கு உணவு ஊட்டுவதும், உடம்பு துடைப்பதும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவதும் அவர் வேலை. குடும்பத்தில் யாருக்கும் முடியாவிட்டால் கூலிக்கு ஒருவரை அமர்த்த வேண்டும். பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள் அந்த வேலைக்கு வருவார்கள். இதற்கு மேல், அலுவலகத் தோழர்கள், தேவாலயத்தினர், ஊர்க்காரர்கள் என்று பார்க்க வருபவர்கள் உண்டு. பார்க்கப் போகாமல் இருப்பது மரியாதைக் குறைவு. தாயைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் ஊருக்குப் போய்வந்த சக ஊழியர் ஒருவர் அந்தக் கட்டிலைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோது அவர் குரலில் குறை இல்லை. இதுகூடச் செய்யாத மகன் எதற்கு என்ற எண்ணம்தான் இருந்தது. அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த எண்ணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2015 ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் கொரிய அரசும் கூட்டாக நடத்திய ஆய்வின் முடிவிலும் இது வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. நெரிசலான அவசரப் பிரிவுகள், பல படுக்கைகள் கொண்ட அறைகள், ஒரே நோய்க்குப் பல மருத்துவமனைகளை நாடும் பழக்கம், உற்றாரும் நண்பரும் கூட்டமாக வந்து பார்க்கும் வழக்கம் ஆகியவை நோய் பரவியதற்கான காரணங்களில் சேர்க்கப்பட்டன. குடும்பப் பற்று, மூத்தோரைப் பேணுதல், ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருத்தல் என்று 2020இல் எவை கொரியாவைக் காப்பாற்றியதாகச் சொல்லப்பட்டனவோ, அவையே 2015இல் நோயைச் சுமந்து சென்றன. இடையில் கழிந்தது ஐந்தே ஆண்டு. ஐந்தாண்டில் ஒரு சமூகத்தின் மூதாதையர் மாறிவிடுவதில்லை.

இடைப்பட்ட ஐந்தாண்டுகள்

மாறியவற்றைச் சொல்கிறேன். 2015 ஜூலையிலேயே தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. நோயாளிகள் சென்ற இடங்களையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் அறிந்துகொள்வது மக்களின் உரிமை என்று அதில் எழுதப்பட்டது. கைப்பேசியின் இருப்பிடம், கடன் அட்டைப் பயன்பாடு போன்ற விவரங்களைத் திரட்டும் அதிகாரம் சுகாதாரத் துறைக்குக் கிடைத்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர் பதவி துணை அமைச்சர் நிலைக்கு உயர்த்தப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் புதிய பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. புதிதாகக் கட்டும் வார்டுகளில் ஓர் அறைக்கு நான்கு படுக்கைகளுக்கு மேல் கூடாது, படுக்கைகளுக்கிடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. பெரிய மருத்துவமனைகள் வார்டு வாசலில் கதவு போட்டு, நோயாளிக்கு ஒருவர் என்று அனுமதி அட்டை கொடுக்கத் தொடங்கின. உடனிருப்பவர் செய்துவந்த வேலைகளை மருத்துவமனைச் செவிலியரே செய்யும் திட்டம் முன்பே சோதனை நிலையில் இருந்தது. மெர்ஸுக்குப் பின் அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது.

இந்தக் கடைசி மாற்றத்தை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். குடும்பத்தார் தாழ்ந்த கட்டிலில் படுத்தது அன்பினால் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்பு மட்டுமா? செவிலியர் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், குடும்பத்தார் இல்லாமல் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்ற நிலையும் அதில் இருந்தது. மருத்துவமனை செய்யாமல் விட்ட வேலையைக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது. நாளடைவில் அது பண்பாடு என்ற பெயரைப் பெற்றது. செவிலியர் வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்ட வார்டுகளில், மகன் வீட்டுக்குப் போய்த் தூங்கினான். அன்பு குறைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை. அத்தகைய வார்டுகள் எல்லா மருத்துவமனைகளிலும் வந்துவிடவில்லை, கூலிக்கு ஆள் அமர்த்தும் செலவு இன்றும் கொரியக் குடும்பங்களை வாட்டுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2019 டிசம்பர் 17 அன்று கொரிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வல்லுநர்கள் ஒரு மேசைப் பயிற்சி, அதாவது நெருக்கடி ஒன்றைக் கற்பனை செய்து பேசிப் பார்க்கும் ஒத்திகை, நடத்தினார்கள். சீனாவுக்குப் போய்வந்த ஒரு கொரியக் குடும்பத்துக்குக் காரணம் தெரியாத நிமோனியா வந்தால் என்ன செய்வது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கற்பனை நிலைமை. வூகான் பற்றி உலகம் கேள்விப்படுவதற்கு முன்பு நடந்தது இது. 2020 ஜனவரி 20 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஜனவரி 27, சந்திரப் புத்தாண்டு விடுமுறை. அன்று சியோல் ரயில் நிலையத்திலுள்ள கூட்ட அறைக்குப் பரிசோதனைக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களின் பிரதிநிதிகளை அதிகாரிகள் வரவழைத்தார்கள். உடனே கருவி வேண்டும், விரைவாக அனுமதி தருகிறோம் என்றார்கள். பிப்ரவரி 4 அன்று முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. பிப்ரவரி 18க்குப் பின் தேகு நகரில் ஷின்சோன்ஜி என்ற கிறித்தவப் பிரிவின் சபையினரிடையே நோய் வெடித்துப் பரவியபோது, பரிசோதிக்கக் கருவி கையில் இருந்தது. மருத்துவமனைக்குள் கூட்டம் சேராமல், காரில் வந்தபடியே மாதிரி கொடுத்துவிட்டுப் போகும் நிலையங்கள் சில நாள்களில் எழுந்தன. அவசரப் பிரிவின் நெரிசலில் 2015இல் கற்ற பாடம் அந்த நிலையங்களின் அமைப்பிலேயே தெரிகிறது.

முகக்கவசத்தையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பண்பாட்டு விளக்கம் சொல்பவர்கள் முதலில் காட்டுவது அதைத்தான். வசந்த காலத்தில் சீன, மங்கோலியப் பாலைநிலங்களிலிருந்து வரும் மஞ்சள் புழுதியாலும், காற்று மாசினாலும், கொரியர்களுக்கு முகக்கவசம் முன்பே பழகிய பொருள். அணியச் சொல்லி யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. அந்த அளவுக்குப் பழக்கம் உதவியது. ஆனால் பிப்ரவரி இறுதியில் கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோய், நீண்ட வரிசைகள் நின்றன. பதுக்கலும் நடந்தது, மக்கள் கோபமும் கொண்டார்கள். மார்ச் 9 முதல் அரசு பங்கீட்டு முறை கொண்டுவந்தது: பிறந்த ஆண்டின் கடைசி எண்ணைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள், மருந்தகத்தில் அடையாள அட்டையைக் காட்டினால் ஆளுக்கு இரண்டு, ஒன்றின் விலை 1,500 வோன். அதன் பிறகு வரிசைகள் குறைந்தன. ஆயிரமாண்டு மரபு முகத்தில் அணியும் விருப்பத்தைத் தரலாம்; அணிவதற்கு இரண்டு முகக்கவசத்தைக் கையில் தந்தது மருந்தகங்களை இணைத்த ஒரு கணினிப் பதிவேடு.

யாரும் பார்க்க வராத வார்டு

கொரியாவில் கொரோனாவின் முதல் மரணம் 2020 பிப்ரவரியில், தேகுவுக்குத் தெற்கே சொங்டோ என்ற ஊரிலுள்ள மருத்துவமனையின் மூடிய மனநல வார்டில் நிகழ்ந்தது. இறந்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தவர். அந்த வார்டில் இருந்த நோயாளிகள் ஏறக்குறைய அனைவருக்கும் நோய் தொற்றியிருந்தது. கட்டில்கூட இல்லாமல் தரையில் நெருக்கமாகப் படுக்கை விரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். படுக்கையின் கீழே இழுத்துப் போடும் கட்டில் அங்கே தேவைப்படவில்லை. பார்த்துக்கொள்ள வருபவர்களும் இல்லை. குடும்பப் பற்றைக் கொரியாவின் கவசமாகச் சொல்பவர்கள் இந்த வார்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாட்டின் பண்பாடு என்று நாம் சொல்லும்போது, அதற்குள் யாரெல்லாம் சேர்க்கப்படுகிறார்கள் என்ற கேள்வி எனக்குத் தீராமல் இருப்பது இதனால்தான்.

மெர்ஸுக்குப் பின் எழுதிய சட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. நோயாளிகளின் நடமாட்டம் வயது, பாலினத்தோடு, போன கடை, போன நேரம் என்று வெளியிடப்பட்டதால், இன்னார் என்று ஊரார் ஊகித்துப் பழித்தார்கள். 2020 மார்ச் 9 அன்று தேசிய மனித உரிமை ஆணையம் இதைக் கண்டித்தது. அதே மாதத்திலேயே வெளியிடும் விவரங்களைக் குறைக்கும் வழிகாட்டுதல் வந்தது. மே மாதத்தில் இதேவான் பகுதிக் கேளிக்கை விடுதிகளில் தொற்றுப் பரவியபோது, தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீது வெறுப்பு கிளம்பியது. பெயர் சொல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று சியோல் நகரம் அறிவித்த பிறகு பரிசோதனைக்கு வருவோர் எண்ணிக்கை கூடியது. அவர்கள் ஒளிந்திருந்ததற்கு மரபான ஒழுக்கப் பார்வை காரணம் என்றால், வெளியே வரச் செய்தது படிவத்திலிருந்து பெயருக்கான இடத்தை எடுத்துவிட்ட ஒரு முடிவு. பண்பாடு நோய்க்கு எந்த வழியாக இடம் கொடுக்கும் என்பதை முன்கூட்டியே காட்டக்கூடும். அந்த வழியை என்ன செய்வது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஜியோங் உன் கியோங். 2015இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பொறுப்பிலிருந்து, மெர்ஸ் கையாளப்பட்ட விதத்துக்காக ஊதியக் குறைப்புத் தண்டனை பெற்றவர். 2017இல் அவரையே அந்த மையத்தின் தலைவராக நியமித்தார்கள். 2020இல் நாள்தோறும் செய்தியாளர் முன் நின்று எண்ணிக்கைகளைச் சொன்னவர் அவர்தான். தவறு நடந்த இடத்தில் இருந்தவருக்குத் தண்டனையும் கொடுத்து, அவருடைய அனுபவத்தையும் இழக்காமல் வைத்துக்கொண்ட அந்த முடிவைக் கன்பூசியஸின் கணக்கில் எழுதுவது, அதை எடுத்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. 2016 ஜூலையில் கொரிய அரசு மெர்ஸ் பற்றிய வெள்ளை அறிக்கையையும் வெளியிட்டது.

பண்பாட்டு விளக்கத்தை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம், அது கொரியர்களின் உழைப்பைக் குறைத்துக் காட்டுவது மட்டுமன்று. நம் மக்கள் மீது அது சுமத்தும் பழி எனக்கு அதைவிட வலிக்கிறது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, ரெம்டெசிவிர் மருந்து வாங்க கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றார்கள். இடைவெளி விடாமல் முண்டியடிக்கும் கூட்டம் என்று அவர்களின் படங்கள் பரவின. நம் ஜனங்களுக்கு ஒழுக்கமே கிடையாது என்று என் உறவினர் குழுவிலும் எழுதினார்கள். அங்கே நின்றவர்கள் வேறெங்கோ படுக்கையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒருவரின் மகன், மனைவி, தம்பி. மருந்தை நீங்களே வாங்கிவாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்து மருத்துவமனைகள் அவர்களை அனுப்பியிருந்தன. சியோலின் அந்த 41 பேரைப் போலவே, பார்த்துக்கொள்ளும் கடமை அவர்களை நோயின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மே மாத நடுவில் தமிழக அரசு, மருந்தை மருத்துவமனைகளுக்கு நேரடியாகவே வழங்குவதாக அறிவித்தது. வரிசை கலைந்தது. மக்கள் அதே மக்கள்தான்.

அந்த மாதத்தை அந்த வரிசையில் நின்றவர்களிடம் கேட்டு எழுதிய அறிக்கை ஒன்றைப் படிக்க விரும்புகிறேன். எந்த மருத்துவமனை எத்தனை சீட்டு எழுதியது, வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்குப் பிறகு நோய் கண்டது, நேரடி விநியோகம் என்ற முடிவை முன்பே எடுக்க எது தடையாக இருந்தது என்ற விவரங்கள் அதில் வேண்டும். வார்டில் இரவு ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்ற எண்ணும் அதில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.